மகளுக்கு வைத்த தண்ணீர்

எங்கள் வீட்டுக் கிணற்றை நானே பக்கத்தில் நின்று வெட்டுவித்தேன். நாவற்குடாவில் நிலம் முழுக்க மணல். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், ஆனால் எல்லா வளவிலும் குடிக்கிற தண்ணீர் வராது. எங்களுக்கு வந்தது. சீமெந்து வளையங்களை இறக்கிய கையோடு பக்கத்து வீட்டார் குடங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. நான் வேலை செய்தது நகரத்துத் தண்ணீர்ப் பகுதியில். ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிறவன் வீட்டில் தண்ணீர் நன்றாக இருப்பது நியாயம்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

என் மகள் அந்தத் தண்ணீரைக் கிளாஸில் குடித்ததே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் கிணற்றடிக்குப் போவாள். தாய் வாளியைச் சரித்து ஊற்ற, இரண்டு கைகளையும் குவித்து வாயோடு வைத்துக் குடிப்பாள். பாதி வாய்க்குள் போகும், மீதி முழங்கை வழியாகச் சட்டைக்குள் போகும். ஈரச் சட்டையோடு சோறு தின்ன வந்து உட்காருவாள். அதற்காகத் தினமும் தாயிடம் ஏச்சு வாங்குவாள். வாளியைச் சரிக்கிறவளும் அந்தத் தாய்தான் என்று நான் சொன்னால் எனக்கும் ஏச்சு விழும்.

நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைப் பக்கம் இருந்த சிநேகிதி வீட்டுக்குக் கேக் சாப்பிடப் போனாள். கடல் வந்தது. மறுநாள் நான்தான் போய் அவளை அடையாளம் காட்டினேன். வாயெல்லாம் மணல். இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

கடல் எங்கள் வளவுக்குள்ளும் வந்து கிணற்றை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. அழுது அழுது குரலே போய்க் கிடந்த என் மனைவி, பிள்ளையை அடக்கம் செய்த பிறகு ஒருநாள் கிணற்றடியில் நின்று பேசினாள்.

"கடைசியா என்ட புள்ள குடிச்சது உப்புத் தண்ணி."

எங்கள் பக்கத்தில் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அமுது வைப்போம். அவர் விரும்பித் தின்றதையெல்லாம் சமைத்து இலையில் படைத்து, பக்கத்தில் குடிக்கத் தண்ணீரும் வைக்க வேண்டும். அந்த நாளுக்குள் கிணறு பழையபடி ஆகிவிட வேண்டும், பிள்ளைக்கு அவள் குடித்த தண்ணீரையே வைக்க வேண்டும் என்பதுதான் மனைவிக்கு இருந்த ஒரே எண்ணம். வேறு எதற்கும் அவள் எழும்பவில்லை. இதற்கு மட்டும் எழும்பினாள்.

அந்த நாட்களில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. சந்திக்குச் சந்தி தாங்கி வைத்து பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுபோய் நிரப்பினோம். வீடு வீடாகப் போய் மிஷின் வைத்துக் கிணறுகளை இறைத்து, சேற்றை அள்ளி, குளோரின் தூள் போட்டோம். என் கை, உடுப்பு, தின்கிற சோறு எல்லாம் அந்த மணம்தான். தெருவில் என்னை மருந்துக்காரர் என்று பகிடி பண்ணினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் வேறு எதைப் பேசுவது என்று தெரியாமல்தான் பகிடி பண்ணினார்கள். அது எனக்கு விளங்கியது.

பிறகுதான் வெளியூரிலிருந்து வந்த பொறியியலாளர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு, இறைத்தது போதும், நிறுத்துங்கள் என்றார். மணலுக்குள்ளே உப்புத் தண்ணீர் கீழே கிடக்கிறது, மழைத் தண்ணீர் அதன் மேலே ஏடு போல மிதக்கிறது. கிணற்றை வேகமாக இறைத்தால் மேலே இருக்கிற ஏடு போய்க் கீழே கிடக்கிற உப்பு ஏறிவரும். மாரி பெய்து தானாகத்தான் தெளிய வேண்டும். இதைத் தெருத் தெருவாகப் போய்ச் சொல்லும் வேலையும் எங்கள் தலையில் விழுந்தது. சனம் நம்பவில்லை. எப்படி நம்பும்? கிணறு பழுதானால் இறைக்க வேண்டும் என்றுதான் நாங்கள் பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தோம். போன கிழமை வந்து இறைத்தவனே இந்தக் கிழமை வந்து இறைக்காதே என்றால் எவனுக்கும் கோபம் வரும்.

ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஒழுங்கை முனையிலேயே எங்கள் வளவில் மிஷின் இரைவது கேட்கும். மனைவி வாடகைக்கு எடுத்து இறைத்துக்கொண்டிருப்பாள். அடி மணல் தெரிகிற மட்டும் இறைப்பாள். ஊறி வந்ததும் ஒரு மிடறு வாயில் விட்டுத் துப்புவாள். அடுத்த தரம் உப்பு இன்னும் கூடியிருக்கும். அவள் இன்னும் இறைப்பாள். எனக்குப் பொறுமை கிடையாது. ஒருநாள் மிஷினை நிறுத்திவிட்டு, கிணற்றை அதுபாட்டுக்கு விடு என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"எப்பிடி விடுற?" என்று கேட்டாள்.

நான் மட்டும் விட்டுவிட்டேனா?

முப்பத்தோராம் நாள் நான் பவுசர் தண்ணீரைப் புதுச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். சுத்தமான தண்ணீர், நானே பரிசோதித்தது. அவள் மணந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "ஆசுப்பத்திரி மணக்குது. புள்ளைக்கு இத வைக்க ஒண்ணாது." பிறகு ஒரு செவ்விளநீரைச் சீவச் சொல்லி அதை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு ஆண்டுத் திவசத்துக்கும் இளநீர்தான் வைத்தோம். ஒவ்வொரு தரமும் வைத்துவிட்டு அவள் என்னைப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியாது.

பிறகு வாவிக்கு அந்தப் பக்கம், மேற்குக் கரையில், இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மூண்டது. அங்கே கரடியனாற்றில் இருந்த மனைவியின் அக்கா குடும்பத்தோடு ஓடிவந்து எங்கள் வளவில் தறப்பாள் கூடாரம் கட்டி இருந்தார். அத்தனை பேருக்கும் உலை வைக்கவே மனைவிக்கு நேரம் போதவில்லை. மிஷினுக்கு எண்ணெயும் கிடைக்கவில்லை. குளிக்கவும் உடுப்புத் துவைக்கவும் வாளியால் அள்ளினார்களே தவிர, கிணற்றை யாரும் இறைக்கவில்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு, வடக்கிலும் சண்டை முடிந்ததென்று டவுன் பக்கம் சிலர் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மாரி விடாமல் அடித்தது. மழை விட்டு வெளித்த ஒரு காலையில் மனைவி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். வாளியைச் சரித்தாள். நான் கையைக் குவித்துக் குடித்தேன். பழைய தண்ணீர். துளி உப்பு இல்லை. இரண்டு பேரும் அங்கேயே நின்று அழுதோம். பிள்ளை போன நாளுக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். என் வேலைப் புத்தி விடவில்லை. ஒரு போத்தலில் எடுத்துப்போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நல்ல தண்ணீர் என்று எழுத்தில் கொண்டுவந்து அவளிடம் காட்டும் ஆசை. வந்த பதில் வேறு. சண்டை முடிந்த பிறகு எங்களைச் சுற்றியிருந்த வளவுகளையெல்லாம் துண்டு துண்டாக விற்று வீடுகள் எழும்பியிருந்தன. வீட்டுக்கு ஒரு மலசலகூடக் குழி, எல்லாம் இதே மணலுக்குள். கிணற்றில் மலக்கிருமி இருந்தது.

எங்கள் ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீரும் வந்தது. பழுதான கிணறுகளுக்குச் சிவப்பு மையால் குறிபோடும் வேலை என்னிடம்தான். எங்கள் கிணற்றுக் கட்டுச் சுவரில் 'குடிக்க உகந்ததல்ல' என்று நானே எழுதினேன். மைப் பேணியை மனைவி பிடித்துக்கொண்டு நின்றாள். எழுதுங்கள், மூடிப்போட மட்டும் விடமாட்டேன் என்று சொன்னாள்.

அந்த வருடத் திவசத்துக்கு அவள் இளநீர் வாங்கச் சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து கிணற்றில் அள்ளினாள். கிளாஸில் ஊற்றவில்லை. வாளியோடு தூக்கிவந்து மகளின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்குப் பழகிப்போன வாய், கொதிக்கவைத்து ஆறவைத்து வை என்று சொல்லிவிட்டது.

அவள் வாளியின் விளிம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"கிருமி அவள இனி என்ன செய்யப் போகுது?" என்றாள்.

நான் விளக்குக்கு எண்ணெய் விட்டேன்.