எட்டாத எட்டு

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த காலம். எங்களோடு ஆராய்ச்சி செய்த தோழிக்கு வெள்ளிமலையில் கல்யாணம். நானும் உடன் படித்த ஒருவரும் திருக்கோவிலூரில் பஸ் ஏறினோம். ஆனால் எங்களுக்குள் பேச்சு இல்லை. முந்தின நாள்தான் அவருடைய நிரூபணத்தில் ஓர் ஓட்டையைக் காட்டியிருந்தேன்.

எங்கள் கணக்கு இதுதான். இரண்டு வரிசையாகப் புள்ளிகள். ஒரு வரிசையிலிருந்து மற்றதற்கு மட்டுமே கோடு போடலாம். எட்டுக் கோடுகளில் சுற்றி, புறப்பட்ட புள்ளிக்கே திரும்பும் வட்டம் விழக்கூடாது. புள்ளிகள் பெருகப் பெருக, போடக்கூடிய கோடுகள் எந்த வேகத்தில் பெருகும்? நாலு, ஆறு, பத்துக் கோட்டு வட்டங்களுக்கு விடை உண்டு. நடுவில் இருக்கும் எட்டுக்கு யாரிடமும் இல்லை. தன்னிடம் இருப்பதாக நம்பி அவர் சில நாள் மிதந்துகொண்டிருந்தார்.

கள்ளக்குறிச்சிக்கு முன்னால் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. டிரைவர் பஸ்ஸைத் திருப்பி, ஊர்களுக்குள் புகுந்து, கரும்புத் தோட்டங்களைச் சுற்றி, மறுபடியும் அதே மரத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். ஜன்னலோரம் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார்.

"வட்டம் விழுந்திடுச்சு" என்றார் என்னிடம்.

எனக்கும் அடக்க முடியவில்லை.

இறங்கி நடந்தோம். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களை விசாரித்தார்கள். என்ன படிக்கிறோம் என்று கேட்டதும் அவர் மண்ணில் புள்ளி வைத்து விளக்க ஆரம்பித்துவிட்டார். தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் கடைசிவரை கேட்டார்.

"கெடைக்குமான்னே தெரியாததுக்கா இத்தினி வருசமா மெனக்கெட்டுக்கினு இருக்கீங்க?"

"நீங்க கேக்கறது கெடைக்கும்னு தெரிஞ்சா இங்க உக்காந்துக்கினு இருக்கீங்க?" என்றார் என்கூட வந்தவர்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். துண்டு கட்டியவர் மண்ணில் இருந்த புள்ளிகளை இன்னொரு தடவை பார்த்தார்.

"அதுவும் சரிதாங்க. கேட்டுக்கினேதான் இருக்கணும்" என்றார். எங்களுக்கு மோர் கொடுத்து, மரத்தின் கிளைகளை ஒதுக்கி வழிவிட்டார்.

கள்ளக்குறிச்சிவரை நடந்து, அங்கே ஒரு ஜீப் பிடித்தோம். மலைவளைவுகளில் குலுங்கிக்கொண்டே, ஓட்டையை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். காட்டினேன். தலையாட்டினார். பிற்பாடு வேறொரு கணக்கில் பட்டம் வாங்கினார். எட்டு இன்றைக்கும் யாருக்கும் பிடிபடவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலிகட்டு முடிந்து பந்தலே காலியாகியிருந்தது. மணப்பெண் எங்களைத் திட்டிக்கொண்டே இலை போட்டாள். சாமைச் சோறும் கோழிக் குழம்பும். "கேட்டுக்கினேதான் இருக்கணும்" என்று இரண்டாம் முறை சோறு கேட்டது நான்தான்.