குட்டிக்கு ஒரு வாக்கியம்

பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவர் வெல்டர். மணமுறிவு ஆனபோது மகளுக்கு இரண்டு வயது. மனைவி நர்ஸ். ஜப்பானில் வேலை கிடைத்ததும் குட்டியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறுதோறும் வீடியோவில் பார்க்கலாம் என்பதுதான் ஏற்பாடு. நாலு வருஷத்தில் குட்டியின் தமிழ் தேய்ந்து தேய்ந்து 'அப்பா', 'டாட்டா' என்ற இரண்டு சொற்களில் வந்து நின்றது.

"நீயாவது வீட்ல தமிழ் பேசக்கூடாதா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நான் வீட்டுக்கு வர்றதே தூங்கத்தாங்க. நாள் முழுக்க அவளுக்குப் பள்ளிக்கூடம்தான்," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, அசந்துபோய்ச் சொன்னாள்.

வெல்டர் ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகத் துடிக்கிற இளசுகள். ஆரம்பத்தில் அவருக்கு ஒரே குஷி. வினைச்சொல் தமிழைப் போலவே கடைசியில் வந்தது. 'தண்ணியை' என்பதில் இருக்கும் 'ஐ'க்கு 'ஓ', 'கு'வுக்கு 'நி'. உருபைக் கழற்றி உருபை மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தார்.

அப்புறம்தான் கழுத்தில் கத்தி. 'வீட்டில் இருக்கிறேன்' என்றால் 'நி', 'வீட்டில் சமைக்கிறேன்' என்றால் 'தே'. தமிழின் ஒரே 'இல்' அங்கே இரண்டாகப் பிளந்து கிடந்தது. 'வா'வும் 'கா'வும் அதைவிட மோசம். எழுவாய்க்கு இரண்டையும் போட்டார்கள், எங்கே எது என்று பிடிபடவே இல்லை.

ஒரு ஞாயிறு, 'அப்பாவுக்குக் குட்டியைப் பிடிக்கும்' என்பதை உருபுக்கு உருபு மாற்றிச் சொன்னார்: "ஒதோசான் நி குட்டி ஓ சுகி."

குட்டி முகத்தைச் சுளித்து, "நானி?" என்றாள். என்ன என்று அர்த்தம். அவர் மறுபடி அதையே சொன்னார். அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

வகுப்பு டீச்சரிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "தமிழ வச்சு மாத்தாதீங்க அண்ணா. யாரைப் பத்திப் பேசறோமோ அவங்களுக்கு 'வா'. எது பிடிச்சிருக்கோ, அதுக்கு 'கா'. ஏன்னு கேக்காதீங்க, அப்படியே வாய்ல ஏத்திக்குங்க."

வெல்டிங் முகமூடிக்குள்ளேயே முணுமுணுத்து ஏற்றிக்கொண்டார். அடுத்த ஞாயிறு, திக்காமல் சொன்னார்: "ஒதோசான் வா குட்டி கா சுகி."

குட்டியின் கண் விரிந்தது. புரிந்துவிட்டது! மடை திறந்ததுபோல் பேச ஆரம்பித்தாள். கையை ஆட்டினாள், நடுவில் சிரித்தாள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு 'வா' போனது, ஒரு 'நி', ஒரு 'தே', மறுபடி ஒரு 'வா'. அவற்றுக்கு நடுவே இருந்த ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். கேள்வி ஏதோ கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். அதற்கும் தலையாட்டினார்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று கண்டுகொண்டதும் அவள் சிரிப்பு அடங்கிப்போனது. போனை அம்மாவிடம் நீட்டினாள்.

"என்ன கேட்டா?"

"இனிமே ஞாயித்துக்கிழமை நீச்சல் கிளாஸாம். வேற நாள்ல உங்களால கூப்பிட முடியுமான்னு கேட்டா. நீங்க சரின்னு தலையாட்டிட்டீங்க."

மற்ற நாளெல்லாம் அங்கே குட்டி தூங்கப்போன பிறகுதான் இங்கே பட்டறை விடும். அது மனைவிக்கும் தெரியும்.

"பாக்கலாம்," என்றார் வெல்டர்.

"சரி, வச்சிடறேன்," என்றாள் அவள்.