மாமாவின் பிளகின் குடிபோன வீடு

எங்கள் மாமாவுக்கு விண்டோஸ் என்றால் இளக்காரம். அது சின்னப்புள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்பார். கல்முனையிலேயே லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அவருக்கு அவ்வளவு பெருமை. அதில் என்ன ஓடும் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குப் பதினொரு வயது. வாப்பா சவூதிக்குப் போய் நாலு வருசமாகியிருந்தது. அவர் போனபின் பிறந்த என் தம்பிக்கு வாப்பாவைச் சட்டம் போட்ட படத்தில்தான் தெரியும். வாப்பாவின் கூட்டாளி ஒருவர் லீவில் வந்தபோது ஒரு சீடி கொண்டுவந்து கொடுத்தார். அதில் வாப்பா நடக்கிறாராம், பேசுகிறாராம். நான் ஒரே ஓட்டமாக ஓடி ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டேன்.

உம்மாவுக்கோ அவசரம். மாமா அவருடைய தம்பி, ராத்தா ராத்தா என்று அக்காவைச் சுற்றி எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். அடுத்த மாதம் மாமாவுக்கு அட்டாளைச்சேனையில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். மாமா போனால் கம்ப்யூட்டரும் போய்விடும். அதற்குள் தம்பிக்கு வாப்பாவைக் காட்டிவிட வேண்டும்.

சீடியில் இருந்த பக்கத்தை மாமா பிரவுசரில் திறந்தார். வாப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறச் சதுரம்தான் இருந்தது. படம் ஓட பிளகின் என்ற துணைச் சாமான் பிரவுசரோடு சேர வேண்டுமாம். அதுவும் சீடியிலேயே இருந்தது. மாமா பிஸ்மி சொல்லி, தன் பெயரிலிருந்த இடத்தில் கோப்புகளை வைக்கும் டிரெக்டரி ஒன்றை உண்டாக்கி அதற்குள் பிளகினை வைத்தார். சதுரம் அசையவில்லை. டிரெக்டரியின் பெயரை மாற்றிப் பார்த்தார், அப்போதும் அசையவில்லை. இப்படியே மூன்று நாள் போனது. ஒழுங்கைப் பிள்ளைகள் வாசலில் எட்டிப்பார்த்து, "ஒங்கட வாப்பா இன்னும் வரல்லியா?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினார்கள்.

நாலாம் நாள் உம்மா அரிசி புடைத்த சுளகும் கையுமாக வந்தார். "என்னடாப்பா கோளாறு?"

"சாமான் இரிக்கி ராத்தா. பிரவுசர்தான் அதத் தேடுதில்ல."

"எங்க வெச்சிரிக்காய்?"

"என்ட ஊட்டுக்குள்ளதான், பத்திரமா." லினக்ஸில் ஆளுக்கொரு டிரெக்டரி உண்டு, அதற்கு இங்கிலீசில் ஹோம், அதாவது வீடு என்றே பெயர்.

உம்மா சுளகைக் கீழே வைத்தார். "ரெண்டும் சேந்து வாழணுமெண்டா, மாப்பிள்ளைய ஒண்ட ஊட்டுக்குள்ள பூட்டி வெச்சா எப்பிடிடா? பொண்ணுட ஊட்டுக்கு அனுப்பு."

மாமா வாயைப் பிளந்தார். பிரவுசரின் வீடு எங்கே என்று கம்ப்யூட்டர் முழுக்கத் தேடச் சொல்லிக் கட்டளை அடித்தார். அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று திரை நிறைய ஓடியது. கதவைத் தட்டாமல் போனால் அப்படித்தான் என்றார் உம்மா. மாமா நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்துத் திரும்பத் தேடினார். யூஎஸ்ஆர் என்பதற்குள் லிப், அதற்குள் பிரவுசரின் பெயர், அதற்குள் பிளகின்ஸ் என்றே ஒரு டிரெக்டரி சும்மா கிடந்தது. பிளகினை அங்கே போட்டு, பிரவுசரை மூடித் திறந்தார்.

சதுரத்துக்குள் வாப்பா! தபால் முத்திரை அளவுதான். சலாம் சொன்னார், கையை ஆட்டினார், திரும்பி நாலடி நடந்தார்.

தம்பி மாமாவின் மடியில் உட்கார்ந்து அதைக் கவனமாகப் பார்த்தான். பிறகு மாமாவின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "இந்த மாமா ஆரு?" என்று கேட்டான்.

மாமாதான் முதலில் சிரித்தார். நான் தரையில் விழுந்து சிரித்தேன். உம்மாவும் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, முக்காட்டால் துடைத்துக்கொண்டார்.

"அங்க அனுப்பிட்டாய்தானே," என்றார் பிறகு. "இனி ஒண்ட ஊட்டுல அது இரிக்காதா?"

"இல்ல ராத்தா, கொப்பிதான் போட்டன். அங்கயும் இரிக்கி, இங்கயும் இரிக்கி."

உம்மா மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன சொன்னாய்? இன்னொருக்காச் சொல்லு."

மாமா குனிந்து கீபோர்டின் தூசியைத் தட்டத் தொடங்கினார். உம்மாவுக்குக் காது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, நான்தான் கிட்டப் போய்ச் சத்தமாகச் சொன்னேன்: "அங்கயும் இரிக்காம், இங்கயும் இரிக்காம் உம்மா!"