காதோரம் விழுந்த முடிச்சு

தையலக்காவுக்கு அதிகம் பேச வராது. சினிமாக் கம்பெனியின் உடை அறையில் தையல் மெஷினும் இஸ்திரிப் பெட்டியுமாக அவள்பாட்டுக்கு இருப்பாள். ராணுவம் ஆண்ட காலத்தைப் பற்றிய படம் என்றதும் மற்றவர்கள் தயங்கினார்கள். அவள் மட்டும் வாயைத் திறக்காமல் காக்கித் துணியை வெட்டினாள். அந்தக் காலத்தில்தான் அவளுடைய ஒரே தம்பியை, சாப்பாட்டில் கை வைத்திருந்தபோதே எழுப்பிக் கூட்டிப்போனார்கள். கல்லூரி வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுத்தானாம். போனவன் போனவன்தான். படத்திலாவது நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சிப்பாய் வேஷத்துக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. உதவி இயக்குநர் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றார். அவளாகத்தான் வாயைக் கொடுத்தாள்: வீட்டுக்காரருக்கு அளவு சரியாக இருக்கும், கூப்பிடட்டுமா என்று. அவருக்கு ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை. கல்யாணத்துக்கு முன்னாலும் வேறு ஊரில் அதே வேலைதான் என்று சொல்லியிருந்தார். இந்த மாதிரிப் படம் டி.வி.யில் வந்தால் எழுந்து போய்விடுவார். இதற்கும் மாட்டேன் என்றுதான் சொன்னார். அவள்தான் கெஞ்சி வரவழைத்தாள்.

"மாமாவுக்கு வசனமே கிடையாதுக்கா. வீட்ல இருக்கிற மாதிரியே இருந்தா போதும்," என்றார் உதவி இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

பெல்ட்டை வீட்டுக்காரர் குனிந்து பார்க்காமலே மாட்டிக்கொண்டார். அவளுக்கு என்னவோ லேசாக நெருடியது.

மாணவனாக நடிப்பவனை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைக் கட்டவேண்டும், அவ்வளவுதான் காட்சி. திரும்பத் திரும்ப எடுக்க வசதியாக, கட்டுத்துணியின் பின்பக்கம் கொக்கி வைத்துத் தைத்திருந்தாள். அவர் கொக்கியைத் தொடவே இல்லை. துணியை மூன்றாக மடித்தார். நடிகனின் தலையை இரண்டு விரலால் சாய்த்தார். காதோரமாக இழுத்து ஒரே முடிச்சு. அவன் 'ஸ்' என்றான்.

கொக்கிதான் பின்னால் இருக்கிறதே என்று உதவி இயக்குநர் கேட்டார். ரொட்டி வேகும் பதம் சொல்கிறவரைப்போல அவர் சொன்னார்:

"பின்னால கட்டினா சுவத்துல தேய்ச்சுக் கழட்டிடுவாங்க."

இயக்குநர் கைதட்டினார். நாளைக்கும் இவரை வரச்சொல்லுங்கள், மற்ற சிப்பாய்களுக்கும் காட்டிக்கொடுக்கட்டும் என்றார்.

வீட்டுக்காரர் உடை அறைக்கு வந்து சட்டையைக் கழற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவள் கதவைச் சாத்தினாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரை ஒரு குறுக்குக் கேள்வி கேட்டவளில்லை.

"என்னங்க, என் தம்பிய உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டையும் கழற்றி, சேர்த்து வைத்துவிட்டு, அப்புறம்தான் பேசினார்.

"அப்ப எனக்கு உன்னைத் தெரியாதே."

கதவு தட்டப்பட்டது. இன்னொரு ஷாட் பாக்கியிருக்கிறது, மாமாவைச் சீக்கிரம் வரச்சொல்லுங்கள் என்று உதவி இயக்குநரின் குரல். அவர் சட்டையை எடுத்து மாட்டி, அவளைப் பார்த்தபடியே பொத்தான்களைப் போட ஆரம்பித்தார்.

அவள் கதவை விட்டு நகரவில்லை.