நான் கழுவி வைத்த பாட்டில்

ஊசி போடும் முன் பஞ்சில் நனைத்துத் தடவுவார்களே, அந்த வாசனை...

மும்பை செம்பூரில் அம்மா வேலை பார்த்த லேபுக்குள் நுழைந்ததும் முதலில் அதுதான் வரும்.

அம்மாவுக்கு அங்கே கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. லீவு நாளில் தனியாக விட மனமில்லாமல் தாராவியிலிருந்து என்னையும் கூட்டிப் போவாள். மூலையில் ஒரு ஸ்டூல். அதுதான் என் இடம்.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் டேங்கரில் வரும். அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இறக்குவார்கள். எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு ஆசை, காற்றில் இருக்கும் ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். அதனால் அம்மா பாட்டில்களைக் கழுவி, சூட்டுப் பெட்டியில் காயவைத்து, ஆறியதும் மூடி போட்டு வரிசையாக வைப்பாள். அப்புறம் யாரும் தொடக் கூடாது.

நான் தொட்டேன்.

ஒரு பாட்டில் மேல் தூசி இருந்தது. அம்மாவுக்கு உதவி என்று நினைத்து, குழாயில் உள்ளும் புறமும் அலசி, மூடி போட்டு, அதே வரிசையில் வைத்துவிட்டேன்...

சாம்பிள் எடுத்தது அந்தப் பாட்டிலில்தான். மெஷின் தண்ணீரை ஏகத்துக்கும் காட்டியது. டேங்கரைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். "பானி நஹி மிலாயா மேடம், கசம் சே!" ஒரு சொட்டுகூடக் கலக்கவில்லை என்று வாசலில் டிரைவர் சத்தியம் செய்தார்.

சோதனை செய்யும் மேடம் மாட்டுங்காவில் இருக்கும் தமிழர். அம்மா பக்கம் திரும்பினார்.

"பாட்டிலைக் காய வெச்சியோ இல்லையோ?"

"வச்சேன் மேடம். எம்புள்ள மேல சத்தியமா."

நாளையிலிருந்து வேறு ஆள் பார்க்கலாம் என்றார் மேனேஜர்.

ஸ்டூலை விட்டு இறங்கினேன். "நான்தான் கழுவுனேன்... அழுக்கா இருந்துச்சு."

மேடம் காய்ந்த பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரே டேங்கருக்குப் போனார். மறுபடி சோதனை. எத்தனால் சரியாக இருந்தது. ரிஜிஸ்டரில் 'பாட்டில் ஈரம், மறு சாம்பிள்' என்று மட்டும் எழுதினார். யார் பெயரும் எழுதவில்லை. அம்மாவுக்கு வேலை போகவில்லை.

"இனிமே ஸ்டூலை விட்டு எறங்கினே, உன்னையும் அந்தப் பெட்டிலே காய வெச்சுடுவேன்" என்றார் என்னிடம்.

பஸ்ஸில் அம்மா ஆரம்பித்தாள். "ஏட்டி, வீட்ல குடிச்ச டம்ளரக் கழுவ மாட்ட, அங்க போயி பாட்டில் கழுவுதியோ?"

சயான் ஸ்டாப் வருவதற்குள் சிரித்துவிட்டாள்.

இன்று எங்கள் ஸ்கூல் லேபில் மெஷரிங் சிலிண்டரை உடைத்து, அலமாரிக்குப் பின்னால் ஒளித்தது நான். திட்டு வாங்கியது லேப் கழுவும் மாவ்ஷி; மராத்தியில் சித்தி, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் தன் பிள்ளை மேல் சத்தியம் செய்தார்...

நான் வாயைத் திறக்கவில்லை.

பத்து வயதில் ஸ்டூலை விட்டு இறங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இப்போது பதினைந்து. அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். போர்வைக்குள் போனில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மேடத்துக்கும் அம்மாவுக்கும் தேங்க்ஸ் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன்.

மாவ்ஷி காலையில் ஏழு மணிக்கு வந்துவிடுவார். டீச்சரிடம் நான் அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.