லோகநாதனின் வலது கை

லோகநாதன் மைதானத்தில் எப்போதும் தன் அணியின் கோல் இருக்கும் பக்கமாகத்தான் நிற்பார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும்போது அவரும் எல்லைக்கோட்டை ஒட்டி நடந்து மறுமுனைக்குப் போய்விடுவார். பத்து வருடமாகப் பார்த்துவரும் அணி அடித்த கோல்களை அவர் தொலைவிலிருந்து வந்த கூச்சலாகத்தான் அறிவார். முன்வரிசையில் ஆடும் சிலருடைய முகம்கூட அவருக்குச் சரியாக நினைவில்லை. தடுப்பில் ஆடும் நால்வரும் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பார்கள் என்பதுவரை தெரியும்.

அது தொழிலிலிருந்து வந்த பார்வை. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பத்தொன்பது வருடமாகக் கிரேனுக்கு சிக்னல் காட்டும் வேலை. மேலே இருபது டன் பெட்டி தொங்கும். கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் கிரேன் டிரைவருக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். மீதியை லோகநாதனின் கை சொல்லும். அந்த வலது கை தலைக்கு மேலே உயர்ந்து உள்ளங்கை விரிந்தால் எல்லாம் நிற்க வேண்டும். கிரேன், லாரி, கீழே இருக்கும் ஆள், எல்லாம். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்பதற்கு ஆகும் நேரம் போதும், ஓர் ஆள் நசுங்குவதற்கு.

புதிதாக வருபவர்களை இதற்குப் பழக்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதல் மூன்று மாதம் அவர்களை எங்கே கண்டாலும் கையைத் தூக்குவார். டீக்கடை வாசலில், சாலையைக் கடக்கும் முன், ஷிப்டு முடிந்து பைக்கை எடுக்கும்போது. நிற்காதவன் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அவருடைய குழுவில் இதுவரை ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. இதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. நாளைக்கும் அப்படியே இருக்க வேண்டுமே என்ற கவலையோடுதான் சொல்வார்.

அவருடைய அணியின் பெயர் கொருக்குப்பேட்டை ஐக்கிய வாலிபர் கால்பந்துக் கழகம். எல்லாரும் ஐக்கியம் என்றுதான் சொல்வார்கள். சரக்கு ரயில் தண்டவாளத்தை ஒட்டிய மைதானம், லீக்கில் மூன்றாம் டிவிஷன். நான்கு வருடத்துக்கு முன்பு ஐக்கியத்தின் தடுப்பு வரிசை கலையும் நிலைக்கு வந்தது. நடுவில் ஆடும் திலீப்பும் வலப்பக்கம் ஆடும் செங்குட்டுவனும் வேலை இல்லாமல் வெளியூர் கிளம்பத் தயாராக இருந்தார்கள். லோகநாதன்தான் மேஸ்திரியிடம் நடையாய் நடந்து இருவரையும் யார்டில் சேர்த்தார், தன் குழுவிலேயே. அவர்கள் அணியை விட்டுப் போகவில்லை. ஐக்கியத்துக்கு அவர் செய்த மிகப் பெரிய உதவி அது என்று எல்லாரும் சொன்னார்கள்.

போன வருடம் ஐக்கியம் ஐந்தாவது இடத்தில் முடித்தது. திலீப்பும் செங்குட்டுவனும் சேர்ந்ததிலிருந்தே லோகநாதனின் குழுவுக்கு மதிய ஷிப்டு; ஆட்ட நாளில் அவர்கள் வேறு ஆளோடு ஷிப்டு மாற்றிக்கொள்வார்கள், சிக்னல் காட்டும் அவருக்கு மாற்று ஆள் கிடையாது. ஆட்டம் பார்க்கக் கிடைத்தது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். இந்த வருடம் ஓர் ஆட்டத்தையும் விடக் கூடாது என்று, இரண்டு மாதம் கெஞ்சிக் குழுவோடு காலை ஷிப்டுக்கு மாறினார். இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் யார்டில் போட்ட ஆரஞ்சு ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், எண்ணூர் சாலையில் நிற்கும் லாரிகளுக்கு நடுவே பைக்கை நுழைத்து மூன்று மணி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்.

எட்டு ஆட்டங்கள் முடிந்திருந்தன. ஆறில் தோல்வி, இரண்டு டிரா. பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். கடைசி இரண்டு இடத்தில் இருப்பவர்கள் நான்காம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். அங்கே ஆட்டங்கள் வேலை நாட்களின் காலையில் நடக்கும். ஐக்கியத்தில் ஆடுபவர்கள் எல்லாரும் எங்கோ ஓரிடத்தில் வேலை பார்ப்பவர்கள். எவருக்கும் அந்த நேரத்தில் லீவு கிடைக்காது. இறங்கினால் அணி கலைந்துவிடும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

காரணங்களுக்குக் குறைவில்லை. தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்றார் ஒருவர். திருஷ்டி என்று கோல்கீப்பர் கம்பத்தில் எலுமிச்சம்பழம் கட்டினான். லோகநாதன் அதை அவிழ்த்து எறிந்தார். "தோக்கறதுக்கு ஒரு காரணம் கீதுடா. அத்த தேடு. பழத்த கட்டினா தேட மாட்ட" என்றார். காரணத்தை அவரும் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

அதைக் கண்டுபிடித்தவர் ஐரீன். ராயபுரத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. சம்பளம் இல்லாமல் ஐக்கியத்துக்குப் பயிற்சி தருபவர். ஆட்டங்களை மதில்மேல் செல்போனை வைத்துப் படம் எடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வியாசர்பாடியில் லோகநாதன் குடியிருக்கும் ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"வாங்க மிஸ், குந்துங்க" என்றார் லோகநாதன். "செங்கொடி, மிஸ்ஸுக்கு டீ போடு."

"டீ அப்பால ஆகட்டும் அண்ணே. மொதல்ல இத்த பாருங்க."

செல்போனில் மூன்றாவது ஆட்டம். முன்னால் தட்டிவிட்ட பந்தைப் பிடிக்க எதிரணி ஆள் ஒருவன் திலீப்பைத் தாண்டி ஓடுகிறான். திலீப் கூடவே ஓட வேண்டிய நொடியில் நின்றுவிடுகிறான். அடுத்த நொடி கோல்.

"இன்னாத்துக்கு நின்னான் இவன்?" லோகநாதனுக்குக் கோபம் வந்தது. "கம்பம் மாரி நின்னுகினு கீறான் பாருங்க."

"நானும் அதாண்ணே கேட்டுகினே இருந்தேன். இப்ப பந்த பாக்காதீங்க. ஓரத்துல பாருங்க."

ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருவம். வலது கை தலைக்கு மேலே, உள்ளங்கை விரிந்து. பந்தைத் தட்டும் முன்பே எதிரணி ஆள் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்றுவிட்டான், ஆஃப்சைட், ஆட்டத்தை நிறுத்து, என்று கையை உயர்த்திக் கத்துவது உலகத்தில் ஒவ்வொரு ரசிகனும் செய்வதுதான். ஐரீன் அடுத்த கோலைக் காட்டினார். அதிலும் ஆரஞ்சுக் கை. அதில் நின்றவன் செங்குட்டுவன். அதற்கடுத்ததில் இருவரும் நின்றார்கள்.

"பத்தொம்போது கோல் வாங்கிக்கீறோம். பதினொண்ணுல இந்தக் கை கீது" என்றார் ஐரீன்.

பின்னால் டீயோடு வந்து நின்ற செங்கொடி எட்டிப் பார்த்தாள். "யோவ், இது நம்ம வூட்டுக் கையாச்சே!" என்றவள், புருஷனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

லோகநாதன் பதினொன்றையும் பார்த்தார். அரை நொடிதான் ஒவ்வொன்றிலும். அவர்கள் தவறு செய்யவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததை, அவர் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருந்தார்கள்.

"இதுக்கு வழி கீதுண்ணே" என்றார் ஐரீன். "நாளையிலேந்து பிராக்டிஸ்ல நீங்க கை தூக்குங்க. அவனுங்க நிக்காம ஓடட்டும். பத்து நாள்ல பழகிடும்."

"வேணாம் மிஸ்."

"ஏண்ணே?"

"என் கைய கண்டா நிக்காதன்னு அவனுங்ககிட்ட சொல்லிடாதீங்க. கிரவுண்டுல நிக்கலன்னா கோல் உழாது, சரி. யார்டுல அரை செகண்டு யோசிச்சான்னா? இது கிரவுண்டா யார்டான்னு யோசிப்பானா? மேல பொட்டி தொங்கிகினு கீது மிஸ்."

பழக்கத்தை ஓர் இடத்தில் மட்டும் அறுத்து இன்னோர் இடத்தில் விட்டுவைக்க முடியும் என்று லோகநாதன் நம்பவில்லை. அந்த இருவர் மாறக் கூடாதென்றால், மாற வேண்டியது ஒருவர்தான். "நான் வரல. மிச்சம் கீற மூணு மேட்சுக்கும் வரல" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் யார்டு டீக்கடையில் இருவரிடமும் விஷயத்தைச் சொன்னார். திலீப் தலையில் கை வைத்துக்கொண்டான். "சத்தியமா தெரியாதுண்ணா. நீ கை தூக்கிட்டா கால் நின்னுடுது. அப்பாலதான் பந்து ஞாபகம் வருது."

செங்குட்டுவன் சிரித்தான். "வெளிய சொல்லிடாத மாமு. தெரிஞ்சா மத்த டீமுக்காரன்லாம் உன்ன ஆட்டோ வெச்சி தூக்கிகினு போயி எங்க எதிர்ல நிக்க வெச்சிடுவான்."

ஒன்பதாவது ஆட்டத்தன்று லோகநாதன் ஷிப்டு முடிந்ததும் பைக்கை வடக்கே திருப்பினார். முகத்துவாரக்குப்பத்தில் கடலோரக் கற்சுவர்மேல் உட்கார்ந்து, போனை அணைத்துவிட்டு, படகுகள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குப் போனைத் திறந்தார். ஐக்கியம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்திருந்தது. அந்த வருடத்தின் முதல் வெற்றி. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. அதற்கு அவரிடம் பெயர் இல்லை. பிரியப்பட்ட ஒன்று நம்மை விலக்கி வைத்தால்தான் பிழைக்கும் என்றால், அந்தப் பிரியத்தை எங்கே வைப்பது? வீட்டுக்கு வந்து செங்கொடியிடம், "ஜெயிச்சிட்டானுங்க" என்று மட்டும் சொன்னார். பத்தாவது ஆட்டமும் அவர் இல்லாமல் டிராவில் முடிந்தது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் கணக்கு எளிதாக இருந்தது. தோற்றால் நான்காம் டிவிஷன். டிரா செய்தால் போதும், ஒரே ஓர் இடம் மேலே தப்பிக்கலாம். ஐரீன் போன் செய்தார்.

"வாங்கண்ணே. இத்தன வருசம் வந்துட்டு நாளைக்கு போய் கடல பாத்துகினு குந்தாதீங்க. அந்த ஆரஞ்சு கோட்டு வேணாம். எதிராளி கோலுக்குப் பின்னாடி நில்லுங்க. நூறு மீட்டர் தள்ளி. அவனுங்க கண்ணுல பட மாட்டீங்க."

"கைய நம்ப முடியாது மிஸ்."

"நான் பாத்துக்கறேன்" என்று செங்கொடி போனைப் பிடுங்கிச் சொன்னாள்.

அவள் மைதானத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க எலுமிச்சை ஜூஸ் நிரப்பிய பாட்டில்களை ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, அதை அவர் இரண்டு கைகளிலும் கொடுத்துவிட்டாள். "கீழ வெச்ச, தொலைச்சிடுவேன்."

"கையி நோவுது செங்கொடி."

"நோவட்டும்."

முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அது நல்ல ஆட்டமே இல்லை. இரண்டு அணிகளும் பயந்து ஆடின. பந்து தரையில் இருந்ததைவிட ஆகாயத்தில் அதிகம் இருந்தது. லோகநாதன் முதல்முறையாக ஐக்கியத்தின் முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர்களைப் பார்க்காமல், மைதானத்தின் மறுகோடியில் சிறிதாகத் தெரிந்த நான்கு பேரையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் கூடையோடு நடந்து மறுமுனைக்குப் போனார். இந்தத் தடவை தன் கோலை விட்டு விலகிப் போவதற்காக.

எண்பத்தெட்டாவது நிமிடம். எதிரணியின் உயரமான ஆள் ஒருவன் திலீப்புக்குப் பின்னால் ஓட, பந்து அவனுக்கு முன்னால் போய் விழுந்தது. ஆஃப்சைட்போலத்தான் தெரிந்தது. லைன்ஸ்மேன் கொடியை உயர்த்தவில்லை. லோகநாதனின் வலது தோள் அசைந்தது. கூடை ஒரு பக்கம் சாய்ந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டின.

"யோவ்!" செங்கொடி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

திலீப் நிற்கவில்லை. மூன்று தப்படி பின்தங்கியிருந்தவன் இரண்டு தப்படிக்கு வந்தான், ஒன்றுக்கு வந்தான். பெனால்டி கட்டத்துக்குள் நுழையும் இடத்தில் தரையோடு சரிந்து காலை நீட்டினான். பந்து கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. அழகான தடுப்பு என்று சொல்ல முடியாது. முழங்கால் தோல் பாதி அங்கேயே போயிருக்கும். ஆனால் பந்து வெளியே போயிற்று. கார்னர் கிக்கில் வந்த பந்தை செங்குட்டுவன் தலையால் முட்டித் தண்டவாளத்துப் பக்கம் அனுப்பினான். அதை யாரோ தேடி எடுத்து வருவதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஐக்கியம் மூன்றாம் டிவிஷனிலேயே இருக்கும்.

லோகநாதன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். கூடைப் பிடியிலிருந்து விரல்களைப் பிரிக்க முடியவில்லை. செங்கொடி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அவர் மூச்சை வெளியே விட்ட விதத்தைப் பார்த்து, எத்தனை மாதமாக இதை உள்ளே வைத்திருந்தார் என்று அவளுக்குத் தோன்றியது. எதிரில் ஆட்டக்காரர்கள் ஜெயித்தவர்கள்போல ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப் புரண்டார்கள். பன்னிரண்டு அணிகளில் பத்தாவதாக வந்ததற்கு அது சற்று அதிகம்தான். யாரும் அதைச் சொல்லவில்லை.

ஐரீன் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்து அவருக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.

"மிஸ்" என்றார் லோகநாதன்.

"சொல்லுங்கண்ணே."

"நம்ம முன்னாடி ஆடறவனுங்கள நான் இத்தினி வருசமா கிட்டத்துல பாத்ததே இல்ல."

"ஆமா."

"இன்னா மிஸ் இது, இவ்ளோ கேவலமா ஆடறானுங்க? ஏழாம் நம்பரு யாரு? அவனுக்கு எடது காலே கெடையாதா? ரெண்டு தபா தனியா நின்னான். ரெண்டு தபாவும் வெளிய அடிச்சான். கோல் அவன் எதிர்லயே கீது!"

ஐரீன் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை.

"இன்னிக்கு ஒரு நாளு சொம்மா இரேன்யா" என்றாள் செங்கொடி.

"இல்ல செங்கொடி, அடுத்த வருசம் இவனுங்கள வெச்சிகினு இன்னா பண்றது? இப்பவே பாத்தாதான் ஆச்சு." அவர் எழுந்து, ஜூஸ் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏழாம் எண் போட்டவனைத் தேடிப் போனார்.