லிஃப்ட்காரரின் தம்பி

"உள்ள வாங்க, விரலு பத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இரும்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்துகிறார் லிஃப்ட்காரர். ஏறியவர் வாய் திறப்பதற்குள் பொத்தானை அழுத்தியாகிவிடும். கையில் கோப்பு இருந்தால் இரண்டாம் மாடி. முகத்தில் கவலை இருந்தால் மூன்று, அங்கே வக்கீல்கள். சட்டையில் பதக்கம் குத்திய பெரியவர்கள் என்றால் நான்கு. முன்னாள் படைவீரர் சங்கம் அங்கேதான்.

முப்பது வருடமாக இதுதான் வேலை. ஒரு பேச்சை ஆரம்பித்தால் பாதியில் எதிராளி இறங்கிப் போய்விடுவார். அதனால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசுகிற பழக்கமே விட்டுப்போயிற்று. வீட்டிலும் ஆள் கிடையாது. மனைவி போய் ஒன்பது வருடம். சாயங்காலம் ரேடியோவைத் திருகுவார். செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் இவரும் வாய்விட்டு வணக்கம் சொல்வார்.

தம்பி ஒருவன் இருந்தான். பட்டாளத்தில் சமையல்காரன். மலைமேல் காவல் இருந்தவர்களுக்குச் சாப்பாடு தூக்கிக்கொண்டு போகும்போது குண்டு விழுந்து செத்துப்போனான். ஊர் நினைவுக்கல்லில் அவன் பெயரைப் போடச் சொல்லி, இவர் ஒரே ஒருமுறை சங்கத்துக்குள் போய்க் கேட்டார். அன்றைய செயலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சமையக்காரனாப்பா? சண்டை போட்டவங்க பேருதான் கல்லுல வரும்."

அன்றைக்கு மூடிய வாய். தினமும் பத்துத் தடவை நான்காம் மாடிக்குப் போகிறார். லிஃப்டைத் தாண்டிக் கால் வைத்ததில்லை.

போன மாதம் ஓய்வுபெற்ற நர்சம்மாவும் மருந்துக்கடைக்காரரும் ஏறினார்கள். சுமை தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள் என்று கல்லில் விட்டுப்போன பதினொரு பேருடைய பெயர்களையும் வெட்டிவைக்க ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டிருந்தார்கள். அதில் இவர்கள்தான் முன்னே நின்றவர்கள்.

"பத்துப் பேருக்குச் சொந்தக்காரங்க கிடைச்சிட்டாங்க. இந்தச் சமையக்காரருக்குத்தான் யாருமே இல்ல" என்று நர்சம்மா பட்டியலைப் பார்த்துப் பெயரைப் படித்தார்.

லிஃப்ட்காரர் திரும்பவில்லை. கதவைப் பார்த்தபடியே, "அவன் என் தம்பிம்மா" என்றார்.

நான்காம் மாடியில் லிஃப்ட் நின்றது. யாரும் இறங்கவில்லை.

"இத்தனை வருஷமா எங்கள ஏத்தி இறக்குறீங்க. ஒரு வார்த்தை சொல்லலியேண்ணா?"

"சொல்றதுக்குள்ள மாடி வந்துடும்மா."

விழாவுக்கு அரை நாள் விடுப்பு எடுத்தார். ஒரு நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பெயரை வாசிக்க வாசிக்க, சொந்தக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து மைக்கில் பேசினார்கள். கடைசியாக இவர் தனியாகப் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆறிப்போன சோத்த அவன் யாருக்கும் போடமாட்டான்."

அவ்வளவுதான். நாற்பது பேரும் காத்திருந்தார்கள். கேட்க ஆள் இருந்தும், மேற்கொண்டு அவருக்கு வார்த்தை வரவில்லை.

கூட்டம் கலைந்தது. "வாங்கண்ணா, டீ குடிக்கலாம்" என்று நர்சம்மா கூப்பிட்டார்.

"நீங்க போங்கம்மா. வந்துடுறேன்."

புதுப் பெயர்கள் கல்லின் அடியில் இருந்தன. தம்பியின் பெயர் தரையை ஒட்டி. முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். வெட்டிய எழுத்துகளுக்குள் வெள்ளைத் தூள் அடைந்து கிடந்தது. கண்ணில் தூசி விழுந்த பிள்ளைக்கு ஊதுவதுபோல முகத்தைக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வோர் எழுத்தாக, மெல்ல ஊதினார்.